கறுப்பு சூப்

பெலாகியா வீட்டுப் படி ஏறும்போதே வினிகர் வாடை அடித்தது. விட்டோல்ட் நின்று எட்டிப் பார்த்தான். கொல்லையில் எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும் வாத்துகளில் பெரியதைக் காணோம். கதவோரம் வெள்ளை இறகுகள் கிடந்தன.

போன ஞாயிறு சர்ச் வாசலில், கணவனைப் போரில் இழந்த அவளிடம், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று தட்டுத்தடுமாறிக் கேட்டிருந்தான். அவள், "அடுத்த ஞாயிறு சாப்பிட வாங்க, சொல்றேன்" என்றதோடு சரி. அன்றிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போலந்தின் எல்லையையே நகர்த்தி, கிழக்கே இருந்தவர்களை ரயிலேற்றி இந்த மேற்குப் பக்கம் இறக்கிவிட்டார்கள். விட்டோல்ட் அப்படி வந்தவன். அவனுடைய ஊரில் பெண் கேட்டு வருகிறவனிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வாத்து ரத்தத்தில் வினிகர் விட்டுக் கறுப்பாக ஒரு சூப் வைத்து, அவன் முன்னால் நீட்டுவார்கள். வந்தவன் வாயைத் திறக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். இளவயதில் ஒரு வீட்டில் விட்டோல்டும் அப்படி நடையைக் கட்டியவன்தான். அந்த அவமானம் இன்றும் ஆறவில்லை.

பெலாகியாவின் தம்பி இக்னாசி கதவைத் திறந்தான். வாயெல்லாம் பல்.

"வாங்கண்ணே! உங்களுக்காக அக்கா காலைலேர்ந்து அடுப்படியிலயே கெடக்குது."

"அப்படி என்ன சமையல்?"

"கிண்ணத்துல வரட்டும், நீங்களே பாருங்க."

இவனுக்கு எதற்கு இத்தனை சிரிப்பு? தொப்பியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவனிடம் விட்டோல்ட் கொடுக்கவில்லை. உட்கார்ந்து, மடியிலேயே வைத்துக்கொண்டான். எப்படியும் எடுக்க வேண்டியதுதானே.

பெலாகியா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கறுப்பேதான். சேமியாவும் உலர்ந்த பேரிக்காய்த் துண்டுகளும் மிதந்தன.

"ஆறிடப் போவுது, சாப்பிடுங்க."

எழுந்துவிடலாமா என்று நினைத்தான். கால் வரவில்லை. ஒரு வாய் குடித்தான். பாழாய்ப்போன சூப் அத்தனை ருசி! அதுவே அவனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கிண்ணத்தைக் காலி செய்தான். கேட்காமலே அவள் மறுபடியும் நிரப்பினாள். ஒரு தடவை மாட்டேன் என்றது போதாதா இந்தப் பெண்ணுக்கு?

இரண்டாவதையும் முடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"புரிஞ்சுதுங்க. ஆனா வாயாலயே சொல்லியிருக்கலாம். ஒரு வாத்தாவது பொழச்சிருக்கும்."

"என்ன சொல்லியிருக்கலாம்?"

"மாட்டேன்னு. கறுப்பு சூப் வெச்சா எங்க ஊர்ல அதான் அர்த்தம்."

இக்னாசியின் சிரிப்பு நின்றுவிட்டது. பெலாகியாவின் முகம் சிவந்தது.

"நல்லா இருக்குங்க உங்க ஊரு! வேண்டாத ஆளுக்குன்னு யாராவது இருக்கறதுலயே பெரிய வாத்தை அறுப்பாங்களா? நான் பொறந்த போஸ்னான் ஊருப் பக்கம் இதுதான் ஞாயித்துக்கெழமை விருந்து. வேண்டாதவனுக்கு வெறும் டீ கூடக் கெடைக்காது."

விட்டோல்ட் காலிக் கிண்ணத்தைப் பார்த்தான்.

"மாட்டேன்னு நெனச்சுக்கிட்டேவா ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்க?"

"உங்க கையால சாப்பிடறது இதான் கடைசின்னு நெனச்சேன்."

பெலாகியா அவன் மடியிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.