ஐஸ்லாந்துப் பானை

நீலமாய் உப்பிக்கொண்டு வருகிறது பூமி, கல்யாண வீட்டு அண்டாவின் வாயளவுக்கு, இன்னும் ஒரு கணம்தான், உடையப்போகிறது, அதை உடைய வைத்தவன் நான், விறகில்லாமல், தீப்பெட்டியில்லாமல், வெறும் வாயால் ஐஸ்லாந்து தேசத்தையே ஒருமுறை பொங்க வைத்திருக்கிறேன், தண்ணீர் பனைமர உயரத்துக்குப் போனது, ஒற்றைப் பனை இல்லை, ஒன்றின் தலையில் ஒன்றாக நிற்கவைத்த நாலு பனை, மேலே போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டதைக்கூட இந்தக் கண்ணால் பார்த்தேன், யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், சிரிக்கத்தானே சொல்கிறேன், ஆனால் இந்த ஒரு தடவை நான் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை, அதுதான் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அதற்கு முன்னால் ஆறு நாள் மூடுபனி, மூடுபனி என்றால் நீட்டிய கை தெரியாது, பல் துலக்கப் போனவன் பக்கத்தில் நிற்பவனின் பல்லைத் துலக்கிவிடலாம், அப்படி ஒரு பனி, கோபன்ஹேகனில் வேலை பார்க்கிற என் மகள் மங்கை ஒரு வருஷமாக லீவைச் சேர்த்துவைத்து எங்களை ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போயிருந்தாள், அவள் புருஷன் கதிரவன், ஏழு வயது ஆதிரை, நாலு வயது மாறன், அவர்களைப் பார்க்க மூன்று மாத விசாவில் போயிருந்த நான், என்னோடு என் சம்பந்தி தர்மலிங்கம், கதிரவனின் அப்பா, அவர் வீட்டம்மா முட்டிவலி என்று சொல்லித் திண்டுக்கல்லிலேயே தப்பித்துக்கொண்டார், என் வீட்டம்மா அதற்கு நாலு வருஷம் முன்பே, யாரிடமும் சொல்லாமல், ஒரேயடியாகத் தப்பித்துக்கொண்டாள், ஆக இரண்டு சம்பந்திகளுக்கும் ஓட்டலில் ஒரே அறை, ஒரே கட்டில், நடுவில் அவர் நீளவாக்கில் வைத்த தலையணை, எல்லைக்கல் மாதிரி, புரண்டு அந்தப் பக்கம் போய்விட்டால் நோட்டீஸ் கொடுப்பார் என்று பயந்து நான் மூச்சைக்கூட என் பக்கத்திலேயே விட்டேன், மனிதர் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற வேலை, முப்பத்துநாலு வருஷம், இப்போது சோதிப்பதற்குத் தராசு இல்லாததால் என் வாயைச் சோதிக்கிறார், நான் நூறு என்றால் அவர் பதினெட்டு என்பார், பிள்ளைகள் எங்களுக்குப் பேரே வைத்துவிட்டார்கள், அவர் தராசுத் தாத்தா, நான் தண்ணித் தாத்தா, ராமநாதபுரம் ஜில்லாவில் முப்பத்தொரு வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டவன் என்பதால்.

மங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, என் பொண்ணு வாயில பொய்யே வராதுங்க என்றேன், அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார், அப்படியா, உங்க பொண்ணா என்று கேட்டார், அவ்வளவுதான், அந்த ‘உங்க’ பன்னிரண்டு வருஷமாக என் காதுக்குள் கொசு மாதிரி பாடிக்கொண்டிருக்கிறது, மருமகளிடம் அவர் கோபப்பட்டதில்லை, பேசியதும் இல்லை, சாப்பிட்டாச்சும்மா, கெளம்பலாமா, அதற்கு மேல் மூன்றாவது வாக்கியம் கிடையாது, அவளும் மாமா மாமா என்று தட்டில் இட்லி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள், இந்த லட்சணத்தில் பயணம், மங்கையோ மாதக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள், திமிங்கிலம் வாலைத் தூக்கிக் காட்டும், அருவிக்குப் பின்னால் புகுந்து நடக்கலாம், மண்ணுக்குள்ளிருந்து வெந்நீர் தானாக வானத்துக்குப் பாயும் என்றெல்லாம், திமிங்கிலம் பார்க்கப் படகில் போனோம், பார்த்தது சம்பந்தி வாந்தி எடுத்ததை மட்டும், அருவிக்குப் போனோம், சத்தம் இருந்தது, அருவியைக் காணோம், கடைசி நாள் காலை பஸ்ஸில் மங்கை சொல்கிறாள், இன்னிக்குக் கண்டிப்பா பாக்கலாம் ஆதி, எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி மேல போகும், ஆதிரை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொல்கிறாள், நீயும் தண்ணித் தாத்தா மாதிரிதாம்மா, சும்மா சும்மா சொல்ற.

நான் சிரித்தேன், என் வழக்கம், ஆனால் மங்கை சிரிக்கவில்லை, ஏற்கெனவே மூடியிருந்த மாறனின் ஜிப்பை இன்னொரு தடவை கழுத்துவரை இழுத்து மூடினாள், பின்சீட்டில் சம்பந்தி தொண்டையைச் செருமியது கேட்டது, அவருக்கும் காதில் விழுந்துவிட்டது, மங்கையின் அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அப்போது அவளுக்கு ஆறு வயது, கமுதிக்குத் தெற்கே ஒரு ஊரில் கிணறு போடுகிற இடத்துக்கு ஜீப்பில் கூட்டிப்போகிறேன், அப்பா கைதட்டினா தண்ணி வந்துரும் பாரு என்று சொல்லியிருக்கிறேன், இயந்திரம் இறங்குகிறது, இருநூறு அடி, முந்நூறு அடி, வெள்ளை வெள்ளையாகப் புழுதி மட்டும் பீய்ச்சி அடிக்கிறது, சுற்றிலும் குடத்தோடு பெண்கள், புழுதியில் எல்லாருக்கும் நரைத்துவிட்டது, ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள், நாங்கள் குழாயை உருவிக்கொண்டு கிளம்புகிறோம், திரும்பும் வழியில் மங்கை கேட்டாள், அப்பா, நீங்க கைதட்டவே இல்லையே, மறந்துட்டேன்டி என்றேன், அன்றைக்குப் பிறகு அவள் விளையாட்டுக்குக்கூட ஒரு பொய் சொன்னதில்லை, அவள் பங்கையும் சேர்த்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், என்னை நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறையாது, எனக்கு அது பழகிப்போன சட்டை, அவளைப் போய் அவள் பெற்ற பிள்ளையே நம்பாவிட்டால் அவள் எதை உடுத்திக்கொள்வாள்.

பஸ் நின்ற இடத்தில் தரையெல்லாம் புகைகிறது, பூமிக்கடியில் யாரோ ஐயாயிரம் அடுப்பு மூட்டியதுபோல, அழுகின முட்டை நாற்றம், முதல் ஐந்து நிமிஷம் சம்பந்தி என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு போர்டைப் படித்துவிட்டு, கந்தகம் என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில், வெந்நீர் பாயும் என்று சொன்ன வட்டக் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது, ஜனம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எட்டு நிமிஷம் ஆகிறது, வரவில்லை, பதினைந்து, வரவில்லை, குளம் மினுங்குகிறது, ஓரத்தில் லேசாகக் கொப்பளிக்கிறது, அடங்கிவிடுகிறது, சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார், இருபத்தேழு, முப்பத்திமூணு, பந்தியில் சாம்பார் இல்லை என்று அறிவிக்கிற மாதிரி, கொஞ்சம் பேர் காபி குடிக்கப் போய்விட்டார்கள், பஸ் ஓட்டுகிற அம்மாள் பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்ததால் இன்னும் பத்து நிமிஷம் கேட்டு வாங்கக் கதிரவன் ஓடினான், மாறன் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான், ஆதிரை குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைக்கு மேல் குல்லாவை இழுத்துவிட்டு நிற்கிறாள், திரும்பி நில்லுடா செல்லம், இன்னும் ரெண்டு நிமிஷம், வந்துரும் என்கிறாள் மங்கை, எத்தன ரெண்டு நிமிஷம்மா, வராது, எதுவுமே வராது, நீ சொன்ன எதுவுமே வரல என்கிறாள் குழந்தை, மங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஆவிப்பா, கண்ணுல பட்டுருச்சு என்றாள் என்னிடம், அவள் சொன்ன முதல் பொய்.

அந்த ஆவி என் முகத்திலும் அடிக்கிறது, கண்ணை மூடினால் கண்ணுக்குள் பரமக்குடி வீட்டு வாசல், என் வீட்டம்மா குனிந்து அடுப்பை ஊதுகிறாள், புகையில் கண் சிவந்து ஏதோ என்னைத் திட்டுகிறாள், இடுப்பில் மங்கை, பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து, பால் நுரைத்து விளிம்புவரை வருகிறது, அடங்குகிறது, மறுபடி வருகிறது, எல்லாரும் இங்கிட்டுப் பாருங்க, பொங்குற நேரத்துல யாரும் முதுகக் காட்டாதீங்க என்கிறாள், நான் கண்ணைத் திறக்கிறேன், அதே பானை, கொஞ்சம் பெரிய பானை, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஆதி, அது ஏன் வரல தெரியுமா என்றேன், யாராச்சும் அதக் கூப்பிட்டாங்களா, போன தூக்கிக்கிட்டு மொறச்சு மொறச்சுப் பாத்தா எந்தப் பானை பொங்கும், பொங்கலோ பொங்கல்னு சொல்ல வேணாமா என்று கேட்டேன், அப்பா, தயவுசெஞ்சு வேணாம்ப்பா, வரலேன்னா அவ உங்களையும் நம்ப மாட்டா, இனிமே என்னையும் நம்ப மாட்டா என்றாள் மங்கை, சம்பந்தி, புள்ளைகள ஏமாத்தாதீங்க, இது நெலத்தடி அழுத்தம், நீங்க கத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல என்றார் சம்பந்தி, நமக்குள்ளேயே பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தானே சம்பந்தம் வந்திருக்கு, அதுக்கு வரக்கூடாதா என்று கேட்டுவிட்டு, கயிற்றுப் பக்கம் போய், நெஞ்சு நிறைய அந்த முட்டை நாற்றத்தை இழுத்து, கத்தினேன், பொங்கலோ பொங்கல்.

மாறன் துள்ளி எழுந்தான், கத்தலாம் என்று பெரியவர்களே சொன்னால் அவனுக்கு அதைவிட என்ன வேண்டும், தாத்தாவும் பேரனுமாகக் கத்தினோம், பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு மலை மனிதர் என்ன என்ன என்று கேட்டார், என் இங்கிலீஷில் பானை என்று கையால் காட்டி, சோறு என்று வாயால் காட்டினேன், அவருக்குப் புரிந்துவிட்டது, பசி எல்லாருக்கும் ஒரே பாஷைதானே, அவர் கத்தினார், அவர் பெண்டாட்டி கத்தினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் கத்தியது, முந்நூறு பேர், பத்தொன்பது தேசம், ஆளுக்கொரு உச்சரிப்பில் போங்கல போங்கல என்று பனி அதிர்கிறது, குலவை போட என் வீட்டம்மா இல்லை, ஆகவே நானே நாக்கைச் சுழற்றிக் குலவையும் போட்டேன், போட்டுவிட்டு எல்லாரும் நிறுத்தினோம், பார்த்தோம்.

ஒன்றும் வரவில்லை. மஞ்சள் கோட்டுக்காரர் சிரித்துவிட்டு என் தோளில் தட்டினார், கூட்டம் கலைய ஆரம்பித்தது, மாறன் என் கையைப் பிடித்து ஆட்டி, தாத்தா, அதுக்குக் காது கேக்கலியா என்றான், ஆதிரையின் முதுகு அப்படியே இருந்தது, மங்கை என்னைப் பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை, திட்டவில்லை, ஜீப்பில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு வயதுக் கண்ணால் பார்த்தாள், என் வாய்க்குள் கதைக்குப் பஞ்சமே வந்ததில்லை, அன்றைக்கு வந்தது, முந்நூறு அடிக்கும் கீழே தேடினேன், புழுதிதான், சரி, கெளம்பலாம் என்று அவள் குனிந்து பையை எடுத்தபோது, எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், துருப்பிடித்த இரும்புக் கதவைத் திறந்த மாதிரி, பாதியில் உடைந்து, கீச்சென்று மேலே ஏறி, பொங்கலோ பொங்கல் என்றது, யாருடைய குரல் என்று எங்கள் யாருக்குமே தெரியவில்லை, அத்தனை புதுக்குரல், அந்தச் சத்தத்துக்குத்தான் ஆதிரை குல்லாவைத் தள்ளிவிட்டுச் சட்டென்று திரும்பினாள், யாரு அது என்று, அவள் திரும்பிய அந்த நொடியில் குளத்துத் தண்ணீர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தது, தாழ்ந்தது, பிறகு நீலமாக, கண்ணாடி நீலமாக, உப்பியது, உள்ளே வெள்ளையாக ஏதோ ஏறுவது தெரிந்தது, உடைந்தது, போனது பாருங்கள் மேலே, பனைகள், பனைகள், ஆவியும் மழையும் சத்தமுமாக, முந்நூறு பேரும் திரும்பி ஓடிவந்தார்கள், எங்கள் தலையெல்லாம் வெதுவெதுப்பாக நனைந்தது, ஆதிரை தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள், அம்மா, வந்துருச்சும்மா, நீ சொன்ன மாதிரியே வந்துருச்சு, நீ சொன்னது நெஜம்மா, மங்கை அழுதாள், சிரித்தாள், இப்போதும் ஆவி என்றுதான் சொன்னாள்.

பஸ் போகிறது, ஆறு நாளைக்குப் பிறகு வெயில் ஒரு துண்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது, மாறன் என் மடியில், எனக்கு எதிர்சீட்டில் சம்பந்தி, அவர் பக்கத்தில் ஆதிரை, நான் ஆரம்பித்துவிட்டேன், நாலு பனை உயரம் என்றேன், முக்கால் பனை என்றார் சம்பந்தி, முந்நூறு பேர் என்றேன், அறுபத்திரண்டு, நான் எண்ணினேன் என்றார், கூப்பிட்டதாலதான் வந்துச்சு என்றேன், அது நாப்பத்தோரு நிமிஷம் அழுத்தம் சேந்து வந்தது, கூப்பிடாட்டியும் வந்திருக்கும் என்றார், தாத்தா, கடைசியா ஒருத்தர் கத்தினாங்கள்ல, அதக் கேட்டுத்தான் நான் திரும்பினேன், இல்லேன்னா பாத்திருக்கவே மாட்டேன், யாரு அது, மஞ்சக் கோட்டு மாமாவா என்று ஆதிரை கேட்டாள், நம்ம தராசுத் தாத்தாதான் என்றேன், சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை, இத்தனை வருஷம் அளந்த வாய் தன் காதையும் கெடுத்துவைத்திருக்கும், அது பழைய இயந்திரத்தின் சத்தமோ, பரமக்குடியிலிருந்து வந்த குரலோ, கதிரவன் முன்சீட்டிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான், எங்கப்பாவா, கத்தினாரா, போங்க மாமா, எங்க கல்யாணத்துல அட்சதை போடறதுக்கே யோசிச்சவரு, அளவாச் சொல்லுங்க மாமா, ஆதிரையும் சிரித்தாள், அது மட்டும் பொய் தண்ணித் தாத்தா என்றாள், நானும் சரி, சரி, விட்டுத்தள்ளு என்று கையைத் தூக்கிவிட்டேன், மங்கை மட்டும் சிரிக்கவில்லை, திரும்பி, மாமா, நீங்களா என்று கேட்டாள், மெதுவாக, அவர் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அதைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார், காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மருமகளை நேராகப் பார்த்து, சம்பந்தி சொல்றது சரிதாம்மா, ஆனா ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ கத்தினேன் என்றார், மொத தடவ சத்தமே வரல.