மரிசெல் கைக்குப் போய்ச் சேர்ந்தது

திண்டிவனத்தில் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள் போட்டு விற்றுவந்தாள் ரோஸ்லின். படம் வரைந்து தருபவள் மணிலாவில் இருக்கும் மரிசெல். நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ரோஸ்லின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அங்கே மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிற அளவுக்கு ஒட்டிப்போயிருந்தாள்.

அவளுக்குப் பணம் அனுப்புவதை அக்கா டயானாவின் கணவர் அந்தோணி பிரபு பார்த்துக்கொண்டார். விழுப்புரத்தில் அதுதான் அவர் தொழில். சிறு வியாபாரிகள் கொடுக்கும் ரூபாயை டாலராக்கி, வெளிநாட்டில் அவர்களுக்கு வேலை செய்பவர்களுக்கு அனுப்புவார்.

திடீரென்று மரிசெல் வேலையை விட்டுவிட்டாள். கூலியை இப்படிக் குறைத்தால் எப்படிப் பிழைப்பது என்று எழுதியிருந்தாள். ரோஸ்லினோ கூலியை ஏற்றித்தான் கொடுத்திருந்தாள். மாமா அந்தோணி பிரபுவைக் கேட்டால், பாங்குக்காரன் பிடிக்கிறான், அந்தப் பெண்ணுக்கும் பேராசை என்றார்.

ரோஸ்லின் தன் வங்கிக்குப் போனாள். அதிகாரி கலைப்பிரியா விளக்கினாள்: சந்தையில் டாலர் ஒரு விலை, நம்மிடம் கேட்பது ஒரு விலை, கட்டணம் அந்த இடைவெளியில் ஒளிந்திருக்கும். நேராக அனுப்பினால் குறையும். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து அனுப்பினால் இன்னும் மிச்சம். பிறகு ரோஸ்லின் மரிசெலைப் போனில் கூப்பிட்டு, கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டாள். ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். ரோஸ்லின் ஒரு கஞ்சப்பிசினாறி என்று மரிசெலிடம் சொல்லி வைத்ததும் மாமாதான்.

ரோஸ்லின் சண்டைக்குப் போகவில்லை. காத்திருந்தாள். மாமா புது ஆபீஸ் திறப்புக்கு வாடிக்கையாளர்களையெல்லாம் அழைத்து, நீயும் நாலு வார்த்தை நல்லதாகப் பேசு என்றார்.

"வர்றேன் மாமா."

முன்கூட்டியே வங்கி வழியாக மரிசெலுக்குப் பணம் அனுப்பினாள். விழாவில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி ஆபீஸை மந்திரித்து முடித்ததும் மைக்கை வாங்கி, மரிசெலை வீடியோவில் கூப்பிட்டாள். வந்த தொகையை மரிசெல் சொல்லச் சொல்ல, ரோஸ்லின் தமிழில் சொன்னாள்.

"நானே அனுப்பினேன். நூறு டாலருக்கு மூணு டாலர் கூட போகல. மாமா அனுப்பிக்கினு இருந்தப்போ இருபது போச்சு. நீங்களும் உங்க ஆளுங்களுக்கு போன் போட்டுக் கேளுங்க."

வளவனூர் குமரேசன் முதலில் போனை எடுத்தார். பிறகு வரிசையாக எல்லோரும்.

"குடும்பத்துக்குள்ள பேசிக்கலாம், மைக்கக் குடு," என்றார் மாமா, முகம் வெளுத்து.

"என்னைக் கஞ்சப்பிசினாறின்னு அவகிட்ட சொன்னப்போ நான் குடும்பம் இல்லையா மாமா?"

கிறிஸ்துமஸுக்குள் ஆபீஸ் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க மாமா காரை விற்றார். டயானா ஒருநாள் திண்டிவனம் வந்து வாசலிலேயே நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அவர நீ காப்பாத்தியிருப்பக்கா."

டயானா வாசலிலிருந்தே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு தங்கையோடு பேசவும் இல்லை. அது ரோஸ்லினுக்கு வலித்தது, ஆனால் செய்ததற்கு அவள் வருந்தவில்லை. மரிசெல் மறுபடி வரைகிறாள். விழுப்புரம் போகும்போதெல்லாம் ரோஸ்லின் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாமா ஆபீஸின் மூடிய ஷட்டர் கண்ணில் படும்வரை காத்திருப்பாள்.