கடல்பாசி வயிறு

"பொய் சொல்லாதீங்க. குடலுக்குள்ள குடல்கறி கெடக்கு," என்றாள் ஜெயினம்பு.

"அம்புட்டு தூரத்துலயிருந்தா தெரியுது?" என்று சேக் மைதீன் வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உண்மையிலேயே தெரிந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடம், மதுரை காஜிமார் தெருவில் குடைக்கடை வைத்திருந்த சேக் மைதீனுக்கு நெஞ்சிலிருந்து இடுப்புவரை உடம்பு கண்ணாடியாகிவிட்டது. அதற்கு முந்தைய நோன்பு மாதத்தில்தான் ஹக்கீம் அவர் நாடியைப் பிடித்து, இதயத்தைக் கொழுப்பு மூடிவிட்டது, கறியும் நெய்ச்சோறும் நிற்காவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார். நோன்பு திறக்க எல்லா வீட்டிலும் கடல்பாசியைப் பாலில் காய்ச்சி, உறையவைத்துத் துண்டு போடுவார்கள். பெருநாளோடு நிறுத்திவிடுவார்கள். அவர் மனைவி ஜெயினம்பு நிறுத்தவில்லை. கீழக்கரையிலிருந்து காய்ந்த பாசியை மூட்டையாக வரவழைத்து, காலையில் இளநீரிலும் மதியம் மல்லிச் சாற்றிலும் இரவில் பாலிலும் உறையவைத்துக் கொடுத்தாள். வேறெதுவும் கொடுக்கவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவரின் வயிற்றுக்கு அந்தப் பக்கம் துவைகல் தெரிந்தது. ஜெயினம்பு வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பால் ஊற்ற வந்த அவனியாபுரம் விருமாண்டி கை நழுவி, பால் முழுவதும் வாசலில் ஓடியது. "பாய், ஒங்க நெஞ்சுக்குள்ள வாடிவாசக் காளையாட்டம் முட்டுதே!" என்று கத்திக்கொண்டு ஓடியவர் தெற்குவாசல் தாண்டியும் நிற்கவில்லை. பார்க்க வந்த டாக்டர் குழாயைக் காதில் வைக்காமலே பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு தெரு பழகிக்கொண்டது. அடுத்த ரமலானில் சேக் மைதீனிடம் மட்டும் யாரும் நோன்பா என்று கேட்கவில்லை. ஜெயினம்பு தினமும் அவர் முதுகுப்பக்கம் விளக்கைப் பிடித்து இதயத்தைப் பார்த்தாள். மஞ்சளாய் அப்பியிருந்த கொழுப்பு வெங்காயத் தோல் அளவுக்கு மெலிந்திருந்தது. அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் குடல்கறி கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து அவர் கம்பளிக் கோட்டுப் போட்டார். சித்திரை வெயிலிலும் போட்டார், தூங்கும்போதும் கழற்றவில்லை. யுத்தம் முடிகிறவரை கோட்டுக்குள் என்ன நடந்தது என்று ஜெயினம்புக்குத் தெரியாது. அதன் பிறகு ஒருநாள், ஆனையூரில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய் வந்த அந்தியில், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஒரு கை கோட்டுப் பொத்தானை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஜெயினம்பு விளக்கை எடுத்து வந்தாள்.

"என்ன தின்னீங்கன்னு கேக்க மாட்டேன். சண்டையும் போட மாட்டேன். கோட்ட மட்டும் கழட்டுங்க. அது ஓடுதான்னு ஒருதடவ பாத்துக்கிறேன்."