மேசை இருந்த இடம்

மிருக டொக்டரிடம் போகும் ஆட்டோ கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியது. புஷ்பத்தின் மடியில் துவாயால் சுற்றிய நாய், மின்னி. பக்கத்தில், கையில் பிளாஸ்டரோடு கணவர் மோகனராஜ்.

“டொக்டர் என்ன சொன்னாலும் சரி, ஞாயித்துக்கிழமை இது மடுல்கெல்லைக்குப் போகுது. கணேஸ்கிட்ட சொல்லிட்டேன்,” என்றார் மோகனராஜ்.

கணேஸ் அவர் தம்பி. மடுல்கெல்லைத் தோட்டத்தில் நாயைக் கட்டித்தான் வைப்பான். மின்னியின் கழுத்தில் இதுவரை சங்கிலி பட்டதில்லை. மகள் நிஷாந்தினி ஏ.எல். படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய பூடில் குட்டி அது. ஹோலில் அவள் படிக்கையில் டிவிச் சத்தம் கொஞ்சம் கூடினால் “அப்பா!” என்று அதட்டல் வரும், மேசைக்கடியிலிருந்து மின்னியும் சேர்ந்து குரைக்கும். என்ன கலகலப்பான வீடு! அவள் மெல்பேர்ன் போய் நான்கு வருடம். மிச்சமிருக்கும் பிள்ளை மின்னிதான். இதையும் அனுப்பினால் புஷ்பத்தால் தாங்க முடியாது.

ஆனால் மின்னியின் குற்றப்பட்டியல் நீளம். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததிலிருந்து மகாராணிக்குத் தலைக்கனம். கூப்பிட்டால் வருவதில்லை. நடு ஹோலில் மூத்திரம். சும்மா சும்மா குரைப்பு. முந்தாநாள் தூக்கப் போன மோகனராஜின் கையில் ஒரே கவ்வு.

டொக்டர் மின்னியின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“இந்த ஜாதி நாய்க்கு வர்ற கண் வருத்தம்தான். கண்ணு தெரியலம்மா. ஒரு வருசமாவது இருக்கும். திடீர்னு தொட்டா பயந்து கடிக்கும்.”

“ஒரு வருசமாவா? வீடெல்லாம் ஓடித் திரிஞ்சுச்சே!”

“எல்லாம் மனப்பாடம். வீட்டுல சாமான் ஏதும் இடம் மாத்துனீங்களா?”

பெயின்ட் அடித்தபோது மாற்றியிருந்தார்கள். “இனி யாரு படிக்கப் போறா?” என்று நிஷாந்தினியின் மேசையைத் தூக்கி ஸ்டோர் அறையில் போட்டது மோகனராஜ்தான். வழி தெரியாமல் தவித்த வாயில்லா ஜீவனை ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். புஷ்பத்துக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் மோகனராஜ் போனை எடுத்து எதையோ தட்டினார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசையை இழுத்து வந்தார். சிவப்பு சீமெந்துத் தரையில் நான்கு கால்களின் தடமும் அப்படியே இருந்தது.

“இன்னுங்கொஞ்சம் செவத்துப் பக்கம்,” என்றாள் புஷ்பம். மகள் உட்காரும் கதிரையும் வந்தது.

மின்னி மோந்து பார்த்தது. மேசைக்காலில் உரசிக்கொண்டு உள்ளே போய், நிஷாந்தினி கால் வைக்கும் இடத்தில் சுருண்டு படுத்தது.

“கணேஸுக்கு போன் பண்ணிருங்க.”

“ஆட்டோவுலயே மெசேஜ் போட்டுட்டேன்,” என்றார் அவர்.

பிறகு செய்தி பார்க்க டிவியைப் போட்டார். மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் சொல்லாமலேயே சத்தத்தைக் குறைத்தார்.