இறங்குகிற வண்டி

யுங்காஸ் மலைச்சாலைக்கு ஒரே சட்டம்தான். ஏறுகிற வண்டிக்கு மலையோரம். இறங்குகிற வண்டி இடப்பக்கம் பள்ளத்து ஓரமாக ஒதுங்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையும் இடப்பக்கம்தான். எட்டிப் பார்த்தால் சக்கரம் தெரியும். இலாரியோனுக்கோ இடது கண் தெரியாமல் போய் ஆறு மாதம் ஆகிறது.

விஷயம் மகள் நெலிதாவுக்கு மட்டுமே தெரியும். லாரி ஓட்டுநர் சங்கத்தின் காதில் விழுந்தால் லாரியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் பதினேழு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, இறக்கத்தில் இடப்பக்க வெளிப்படியில் தொற்றியபடி, "இன்னும் ஒரு சாண்... போதும்ப்பா" என்று அவருக்குக் கண்ணாக இருந்தாள். ஆளில்லாத இடங்களில் ஓட்டவும் பழகியிருந்தாள். எதிரே வண்டி வந்தால் மட்டும் உள்ளே வந்துவிட வேண்டும். அப்பாவுக்குக் கௌரவமாம்! பள்ளத்துக்குக் கௌரவம் தெரியுமா?

அன்று மூடுபனி. வளைவில் ஆரஞ்சு லாரி ஒன்று திடீரென்று முளைத்தது. மூட்டைகளின் மேல் இருபது பேர். ஓட்டி வந்தவர் சங்கச் செயலாளர் ருஃபினோ.

"உள்ள வாடி," என்றார் அப்பா.

சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் குத்துமதிப்பாக ஓரம் ஒதுங்கினார். கற்கள் சரிந்தன. எதிர் லாரியின் மேலிருந்த பெண்கள் அலறினார்கள்.

"நிறுத்துங்கப்பா!"

"வாய மூடு. இருபது வருஷமா ஓட்டுற ரோடு இது."

லாரி இடப்பக்கம் சாய்ந்தது. நெலிதா கைபிரேக்கை இழுத்தாள்.

"எறங்குங்க. நான் ஓட்டுறேன்."

"அவன் பாக்குறான்டி."

"பாக்கட்டும்."

அப்பா வலப்பக்கமாக இறங்கி லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என்னப்பா, காலங்காத்தால ஊத்திக்கிட்டியா?" ருஃபினோ சிரித்தார்.

"ஆமாண்ணே, கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் அப்பா. குடியைச் சங்கம் மன்னித்துவிடும்.

நெலிதா தலையை வெளியே நீட்டினாள். சக்கரத்துக்குக் கீழே வெறும் வெள்ளைப் பனி. பின்னால் எடுத்து, திருப்பி, சாண் சாணாக ஓரத்துக்கு வந்து நின்றாள். ஆரஞ்சு லாரி உரசாத குறையாகக் கடக்கையில் அவள் அருகில் நின்றது.

"கெட்டிக்காரிதான். தெளிஞ்சதும் அவனையே ஓட்டச் சொல்லு."

தலையாட்டியிருந்தால் போதும். மறுநாளும் அப்பா இதே ஓரத்தில் குத்துமதிப்பாக ஒதுங்கியிருப்பார்.

"குடிக்கல மாமா. அவருக்கு இடது கண்ணு தெரியாது."

ருஃபினோவின் சிரிப்பு நின்றது. "லாரி போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். அப்பா இருப்பாருல்ல."

அப்பா வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஊர் வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்கவும் விடாத சாலை அது.