பாவ்மெய்யின் வலது தோள்

அப்பா மல்பெரிக் குச்சிகளைச் சாய்த்துச் சாய்த்து வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்கக் கேட்க லீயிங்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போதும்பா. அம்மாவுக்கு நேத்திலேர்ந்து தண்ணியே இறங்கலை. இதை யாருக்குக் காய்ச்சறீங்க?"

"நாக்கு நனைஞ்சாப் போதும்," என்றார் கென்ஷெங், தலை நிமிராமல். "தோளுக்கு இதமா இருக்கும்."

தோளாம் தோள். லீயிங் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பட்டுப்புழு வளர்க்கிற ஊரில் தோள் வலிக்காத பெண்பிள்ளை யார்? வசந்தத்தில் புழுக்கள் தோலுரிக்கிற கடைசித் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டால் ராப்பகலாகத் தின்னும். கையை உயர்த்தி உயர்த்தித் தழை பறிக்கிறவளுக்கு வேறு என்ன வலிக்கும்? மருந்தும் அதே மரத்தில்தான் இருக்கிறது. இளங்குச்சியை நறுக்கிக் காயவைத்து, லேசாகச் சிவக்க வறுத்து, காய்ச்சிக் குடிக்க வேண்டியது. லீயிங்கின் அம்மா பாவ்மெய்க்கு வலது தோள் வலிக்க ஆரம்பித்தபோது கென்ஷெங் அதைத்தான் செய்தார். அந்த ஊரில் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். ஒரு வருஷம் தன் கையால் காய்ச்சிக் கொடுத்தார்.

"புருஷன்னா இப்படி இருக்கணும். என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, வெந்நீர் வைக்கத் தெரியுமா அதுக்கு?" என்று பக்கத்து வீட்டு ஆஃபெங் பொருமுவாள்.

விரல்கள் மரத்துப்போய், கையிலிருந்த சோற்றுக் கிண்ணம் நழுவி உடைந்த பிறகுதான் லீயிங் அம்மாவை நகரத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நுரையீரலின் உச்சியில் கட்டி. அது கை நரம்பை அழுத்துவதால்தான் அத்தனை வலியும். தோளில் ஒரு கோளாறும் இல்லை. வலி ஆரம்பித்தபோதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பாகிட்ட நுரையீரல்ல கட்டின்னு மட்டும் சொல்லு. தோள் வலி வேற, இது வேற. புரிஞ்சுதா?"

"எதுக்கும்மா மறைக்கணும்?"

"நான் போனப்புறமும் அந்த மனுஷன் இருக்கணுமில்ல?"

அன்றிலிருந்து அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் தேவலை," என்பாள். அப்பா முகம் மலர்ந்துபோகும். லீயிங்குக்கு அந்த மனிதரை உலுக்கிச் சொல்லிவிடலாம் போல இருக்கும். கோபம் அடங்கினால் அழுகை வரும்.

மத்தியானம் அப்பா கரண்டியால் அம்மாவின் உதட்டை நனைத்தார். கஷாயம் கடைவாயில் வழிந்தது. "தேவலை," என்று உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. வெயில் தாழுமுன் மூச்சு நின்றுவிட்டது.

செத்தவர்களுக்கு உடுத்தும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே உடுத்த வேண்டும். அப்போதுதான் உடம்பு இளகிக் கொடுக்கும். இடது கை சட்டைக்குள் போய்விட்டது. வலது கைதான் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

"அக்கா, பிடிவாதம் பண்ணாதே. புதுச் சட்டைக்கா," என்று ஆஃபெங் கெஞ்சினாள். கை அசையவில்லை. லீயிங்கும் பேசிப் பார்த்தாள்.

அப்பா வந்தார். மிச்சமிருந்த கஷாயத்தைச் சூடு பண்ணி, துணியை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டு, மெல்ல நீவிவிட்டார்.

"பாவ்மெய், நான்தான். கையைக் குடு. இனிமே வலிக்காது."

கை இளகி வந்தது. சட்டை நாடாக்களை அவரே ஒவ்வொன்றாக முடிந்தார். லீயிங் வாசலுக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எரித்து, சாம்பலை அடக்கம் செய்துவிட்டு வந்து, துக்க வீட்டு வழக்கப்படி ஊரார் தோஃபு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அப்பாவை உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தானே தோஃபுச் சட்டியைத் தூக்கிப் பரிமாறினார்.

ஆஃபெங் தன் இடது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டே, "கேக்கக் கூடாத நேரம்தான் அண்ணே," என்றாள். "வறுத்த குச்சி மிச்சமிருந்தா ஒரு பிடி குடுங்க. இந்தத் தோள் தூங்கவிட மாட்டேங்குது. அக்காவுக்கு நல்லாக் கேட்டுதுன்னு அவளே சொல்லியிருக்கா."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சித்தி, சாப்பிடுங்க," என்று லீயிங் அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

அப்பா ஆஃபெங்கின் கிண்ணத்தில் ஒரு கரண்டி தோஃபு வைத்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ ஆஃபெங். நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லு."

"தோள் வலிக்கு நெஞ்சை எதுக்கண்ணே எடுக்கணும்?"

"எடுத்துட்டு வா. ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்கன்னா, நானே காய்ச்சித் தர்றேன்."

லீயிங் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மேஜையில் யாரோ இன்னும் கொஞ்சம் தோஃபு கேட்டார்கள். சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கே போனார்.