மூன்றாவது மங்கல்

வீட்டில் எத்தனை கரண்டி இருக்கிறது என்று கேட்டால் என் அக்கா திருதிருவென்று விழிப்பாள். வேறு விண்மீன் மண்டலங்களில் எத்தனை கோள்கள் இருக்கும் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வாள். அதுதான் அவள் உத்தியோகம்.

அவ்வளவு தூரத்துக் கோளை யார் பார்த்தது? பக்கத்து நட்சத்திரங்களைத்தான் பார்க்கிறார்கள். கோள் குறுக்கே போனால் நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி மங்கும். அப்படி எண்ணியதை வைத்துப் பார்க்காத இடத்துக்கும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு முறை மங்கினால் சேர்க்க மாட்டார்கள்; கருவிக் கோளாறாக இருக்கலாம். இரண்டு முறையும் போதாது. மூன்றாவது முறையும் அதே மாதிரி மங்கினால்தான் அது கோள். நல்ல முறைதான், நட்சத்திரத்துக்கு.

அத்தான் முதலில் குளியலறையில் மயங்கி விழுந்தார். அக்கா அதைப் பசி மயக்கம் என்றாள். மாடிப்படியில் மறுபடி விழுந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது.

"கிளம்புங்கத்தான், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ரெண்டு தடவைய வச்சு என்னடி முடிவு பண்றது?" என்றாள் அக்கா. "ஒண்ணு பசி, ஒண்ணு வெயில். இன்னொரு தடவை வந்தா பாக்கலாம்."

"அவரு மனுஷன்க்கா! உன் நட்சத்திரம் இல்ல!"

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "விடும்மா. என்னைப் புடிச்ச கிரகம் எதுன்னு உங்கக்கா கண்டுபிடிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரையும் திட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாவது முறை, அலுவலக லிஃப்டில். கதவு திறந்தபோது மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தி அழுத்தி இதயத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது.

"மூளை முழுசா செயலிழந்திடுச்சும்மா," என்றார் டாக்டர். "ரெண்டு டாக்டருங்க தனித்தனியா சோதிச்சிட்டோம். முன்னாடி விழுந்தப்பவே வந்திருந்தா, நெஞ்சுல துடிப்பைச் சீரா வச்சிருக்குற ஒரு சின்னக் கருவி வச்சு அனுப்பியிருப்போம்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இப்படி ஆனவங்க யாராவது முழிச்சிருக்காங்களா?"

"நான் பார்த்ததில்ல."

"நீங்க பார்த்தது கொஞ்சப் பேரைத்தானே டாக்டர்? உலகம் எவ்வளவு பெருசு! நீங்க பாக்காத இடத்துல ஒருத்தராவது முழிச்சிருப்பாங்க. கணக்குப்படி இருந்தே ஆகணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தவள் நான். ஆனால் அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள்: எத்தனை நாடு, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கட்டில்.

அந்த விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அத்தான் போயிட்டாரு" என்றேன்.